மூன்று நாள் மேசன் வேலைக்குப் போனவன் வேலையற்றவனா? களவும் வேலையின்மையும் பற்றி ஒரு விவாதம்

களுதாவளைத் தோட்டக்காரன்

"மட்டுநகர் விடியல்" என்ற பெயரில் எழுதும் தம்பி, இலங்கையின் கிழக்கில் நடக்கும் களவுகள் எல்லாவற்றுக்கும் வேலையின்மைதான் காரணம் என்றும், இளைஞர்களுக்கு வேலை கொடுத்துவிட்டால் பொலிஸ் நிலையங்களில் பாதியை மூடிவிடலாம் என்றும் நேற்று எழுதியிருந்தார். அதை வாசித்த நேரத்திலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. களவு கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

சென்ற மாதம் என் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்த மின்பம்பியை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காலையில் அதன் வெறும் கூடு கடற்கரைப் பக்கத்துச் சவுக்கந்தோப்பில் கிடந்தது. பின்மூடியைச் சுத்தியலால் உடைத்து, உள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பியை ஒரு முழம்கூட மிச்சம் வைக்காமல் உருவியிருந்தார்கள். விசிறியின் பிளாஸ்டிக் இதழ் ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. அந்தச் செம்பை எடைக்குப் போட்டால் சில ஆயிரம் ரூபா கிடைத்திருக்கும். எனக்கோ வெற்றிலைக் கொடிக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை. எங்கள் மணலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமற்போய்விடும் என்பது இந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். நானும் மனைவியும் வாளியால் அள்ளி ஊற்றியும் கீழ்வரிசைக் கொடிகள் மஞ்சளித்துச் சோர்ந்துபோயின.

பிடிபட்டவன் யார் என்றால், கிழமைக்கு மூன்று நாள் மேசனுக்கு உதவியாளாகப் போகிறவன். நாளொன்றுக்கு 2,500 ரூபா கூலி. அவன் வேலையற்றவன் அல்ல. வேலை இருந்தவன்தான் என் பம்பியைத் திருடினான். இதற்குத் தம்பியின் பதில் என்ன?

மட்டுநகர் விடியல்

ஐயா, உங்கள் இழப்புக்கு மனம் வருந்துகிறேன். ஆனால் கிழமைக்கு மூன்று நாள் மண் சுமப்பதை வேலை என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? மாரி மழை தொடங்கினால் அந்த மூன்று நாளும் இல்லை; சீமெந்து விலை ஏறினால் வீடு கட்டுகிறவர் நிறுத்திவிடுவார், அப்போதும் இல்லை. ஊழியர் சேமலாப நிதி இல்லை, சுகயீன விடுமுறை இல்லை, நாளைக்கு வா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவன் வேலையற்றவனே.

நான் என் மனம்போன போக்கில் எழுதவில்லை. மனிதர் சட்டபூர்வமான உழைப்பில் கிடைப்பதையும் குற்றத்தில் கிடைப்பதையும் எடைபோட்டுப் பார்க்கிறார்கள் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1968இலேயே எழுதினார். பின்னர் 1992இல் நோபல் பரிசும் பெற்றார். அமெரிக்காவில் 1990களில் சொத்துக் குற்றங்கள் குறைந்ததில் கணிசமான பங்கு வேலையின்மை குறைந்ததால் வந்தது என்று ரஃபேல், வின்டர்-எப்மர் என்ற இருவர் 2001இல் காட்டினார்கள். பிரேசிலில் கூட்டமாகப் பணிநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளரைப் பின்தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியான ஆய்வொன்று, வேலை இழந்தவர்கள் குற்றம் செய்யும் வாய்ப்பு சராசரியாக 23 சதவீதம் கூடியதாகக் கண்டது. வேலையிழப்புக் கொடுப்பனவு கிடைத்தவர்களிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை, கொடுப்பனவு நின்றதும் மீண்டும் தலைதூக்கியது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் அப்படியொரு கொடுப்பனவே கிடையாது. இதை மறுக்க உங்களிடம் ஒரு பம்பிதான் இருக்கிறது.

களுதாவளைத் தோட்டக்காரன்

என்னிடம் ஒரு பம்பிதான் இருந்தது, தம்பி. அதுவும் இப்போது இல்லை.

பிரேசிலைப் பற்றி நான் கேட்கவில்லை. மூன்று நாள் மேசன் வேலை, வேலையா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். நான் பதினாறு வயதில் தகப்பனோடு மண்வெட்டி பிடித்தவன். சேமலாப நிதியும் சுகயீன விடுமுறையும் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. உங்கள் கணக்குப்படி நான் நாற்பத்தைந்து வருடமாக வேலையற்றவன். நான் யார் வீட்டுப் பம்பியைக் கழற்றினேன்?

சாய்ந்தமருது கணக்கர்

இருவரும் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒரே சொல்லுக்கு நீங்கள் இருவரும் இரண்டு பொருள் வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் தொழிற்படை ஆய்வில், குறிப்பிட்ட ஒரு கிழமையில் சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ ஒரு மணித்தியாலமாவது உழைத்தவர் வேலையில் உள்ளவராகவே எண்ணப்படுவார். சம்பளமின்றி வீட்டுக் கடையில் நிற்கும் மகனும் வேலையுள்ளவனே. வேலையற்றவர் என்று எண்ணப்பட வேண்டுமானால் வேலை செய்யாதிருப்பது மட்டும் போதாது. வேலை தேடியிருக்கவும் வேண்டும், கிடைத்தால் செய்யத் தயாராக இருக்கவும் வேண்டும். தேடித் தேடிக் களைத்து வீட்டில் இருந்துவிட்டவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

இதன் விளைவைப் பாருங்கள். 2021இல் நாட்டின் வேலையின்மை 5.1 சதவீதம். பொருளாதாரம் நொறுங்கி, எரிபொருளுக்குக் கல்முனை வீதியில் மைல் கணக்கில் நின்றோமே, அந்த 2022இல் அது 4.7 சதவீதமாகக் குறைந்தது. பட்டினி கிடக்க வழியில்லாதவர் கிடைத்த எதையும் செய்தார், செய்தவுடன் வேலையுள்ளவரானார். ஆகவே முதலில் சொல்லுக்கு எல்லை கட்டுவோம். நாம் பேசுவது வேலையின்மையைப் பற்றியா, குறைவேலையைப் பற்றியா, வருமானம் போதாமையைப் பற்றியா? அதுபோலக் குற்றம் என்றால் களவா, கொலையா, கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சுவதா? மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க முடியாது.

களுதாவளைத் தோட்டக்காரன்

கணக்கர் காக்காவுக்கு நன்றி. தம்பி விடியல் நன்றாக வாசித்துக்கொள்ளட்டும்: ஒரு மணித்தியாலம் உழைத்தாலே வேலையுள்ளவன் என்று அரசாங்கமே சொல்கிறது. மூன்று நாள் என்றால் இருபத்துநான்கு மணித்தியாலம். என் பம்பியைத் திருடியவன் வேலையுள்ளவன்.

மட்டுநகர் விடியல்

கணக்கர் காக்கா சொன்னதை நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். நாடே கையேந்தி நின்ற வருடத்தில் வேலையின்மை குறைந்தது என்று காட்டும் அளவுகோல் அளவுகோலே அல்ல என்பதுதான் அதன் பொருள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். 2,500 ரூபாவை மூன்றால் பெருக்கினால் 7,500. அதை ஏழு நாளால் வகுத்து, நான்கு பேர் உள்ள வீட்டில் அரிசி, மா, மண்ணெண்ணெய், பிள்ளையின் கொப்பி என்று பிரித்துப் பாருங்கள். மூன்று நாள் வேலை, வேலை அல்ல.

சாய்ந்தமருது கணக்கர்

நான் இருவர் பக்கமும் பேசவில்லை. எல்லை கட்டுங்கள் என்றுதான் கேட்டேன்.

காந்தி பூங்கா 2017

இந்த விவாதத்தை நேற்றிலிருந்து வாசிக்கிறேன். இருவர் மீதும் எனக்குக் கோபம்.

2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்களே, அவர்களில் நானும் ஒருத்தி. பகலில் வெயில், இரவில் வாவிக்கரை நுளம்பு. கைக்குழந்தையோடு வந்த அக்கா ஒருவர் பட்டச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் போட்டு, குழந்தையின் துணிகளுக்கு அடியில் வைத்துக் காத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாங்கள் வேலையற்றவர்கள் என்பதில் எந்தத் திணைக்களத்துக்கும் ஐயம் இருந்திருக்காது. நாங்கள் யாருடைய பூட்டை உடைத்தோம்? விடியல் அண்ணன் எங்கள்மீது இரக்கப்பட்டு எழுதுவதாக நினைக்கலாம். ஆனால் வேலை இல்லாதவன் திருடுவான் என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும், வேலை தேடி வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் நாட்டில் பெண்களின் வேலையின்மை ஆண்களுடையதைவிட எப்போதும் கூடுதலாகவே இருந்துவருகிறது. படித்த பெண்களிடையே இன்னும் கூடுதல். வேலையின்மைதான் குற்றத்தைப் பெற்றெடுக்கிறது என்றால் சிறைச்சாலைகளில் பெண்கள்தான் நிறைந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களில் பெண்கள் மிகச் சிலர். இதற்கு ஒருவராவது பதில் சொல்லுங்கள்.

மட்டுநகர் விடியல்

தங்கச்சி, உங்களைத் திருடர் என்று நான் எங்கே எழுதினேன்? எழுதியதைக் காட்டுங்கள். பட்டதாரிகளின் நிலை வேறு. அவர்களுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, முன்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் பேசுவது சாதாரண தரத்தோடு நின்றுவிட்ட, மூன்று நாள் மேசன் வேலைக்குப் போகிற பையனைப் பற்றி.

காந்தி பூங்கா 2017

நேற்று நீங்கள் எழுதியது "இளைஞர்களுக்கு வேலை கொடுத்தால் பொலிஸ் நிலையங்களில் பாதியை மூடலாம்" என்பது. இளைஞர்கள் என்றால் நாங்களும்தான். இப்போது பட்டதாரிகள் வேறு, மேசன் பையன் வேறு என்று பிரிக்கிறீர்கள். சாதாரண தரத்தோடு நின்றவன் என்றால் அவனுக்கு மானம் குறைவு என்று நினைக்கிறீர்களா? என் தம்பியும் சாதாரண தரத்தோடு நின்றவன்தான். பெண்களைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட், திருக்கோவில்

முப்பது வருடம் காக்கிச் சட்டை போட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் வண்டியை முன்னே கட்டி மாட்டைப் பின்னே விட்டிருக்கிறீர்கள். வேலை இல்லாததால் குற்றம் செய்தவர்களைவிட, குற்றம் செய்ததால் வேலை இல்லாமற்போனவர்களையே நான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். ஒருமுறை வழக்கில் பெயர் விழுந்துவிட்டால் பொலிஸ் சான்றிதழ் சுத்தமாக வராது. அது இல்லாமல் மத்தியகிழக்குக்கும் போக முடியாது, காவலாளி வேலைக்கும் எடுக்கமாட்டார்கள். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போகிறவர்கள் நம் நாட்டில் மிகப் பலர். உள்ளே போகும்போது ஒரு போத்தல் கசிப்போடு போனவன், வெளியே வரும்போது இரண்டு கள்ளருடைய தொலைபேசி இலக்கத்தோடு வருகிறான்.

இப்போதைய களவுகளின் வேர் ஐஸ் என்ற போதைப்பொருள். ஐஸ் வைத்திருப்பதற்கான தண்டனையை 2022இல் சட்டம் திருத்திக் கடுமையாக்கினார்கள். 2023 டிசெம்பரில் யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். ஆனால் அதற்கு அடிமையானவன் முதலில் இழப்பது வேலையைத்தான். மேசன் ஏழு மணிக்கு வரச் சொன்னால் அவன் பதினொரு மணிக்கு வருவான். ஐந்து நாள் நான்காகும், நான்கு மூன்றாகும். ஆகவே அந்த மூன்று நாள் என்பது காரணமா விளைவா என்று முதலில் கேளுங்கள்.

களுதாவளைத் தோட்டக்காரன்

சார்ஜன்ட் ஐயா வேரைப் பற்றி எழுதியது நல்லது. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பம்பி போன அன்று காலையிலேயே முறைப்பாடு கொடுக்கப் போனேன். எந்த நிலையம் என்று எழுதமாட்டேன். வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். "பற்றுச்சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய பம்பிக்கு எந்தத் தோட்டக்காரனிடம் பற்றுச்சீட்டு இருக்கும்? கூட்டைக் கண்டுபிடித்ததும் நான்தான், பழைய இரும்பு வாங்கும் கடையில் விசாரித்துப் பையனின் பெயரை அறிந்ததும் நான்தான். ஐஸ் என்று சொல்வது இலகு. செம்பை எடைக்கு வாங்கியவன் இன்றைக்கும் தராசோடு இருக்கிறான்.

அது நிற்க. ஐந்து நாள் மூன்றாகியது என்கிறீர்கள். அப்படியென்றாலும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் வேலைதான்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட், திருக்கோவில்

ஒரு நிலையத்தில் ஒருவர் பற்றுச்சீட்டுக் கேட்டார் என்பதற்காக முழுத் திணைக்களத்தையும் குறை சொல்வது முறையல்ல. வெள்ளத்திலும் சுனாமியிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று சடலம் தூக்கியவர்கள் நாங்கள். களவுப் பொருளை வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றமே. ஆனால் உருக்கிக் கட்டியாக்கிய செம்பில் யாருடைய பெயரை நான் வாசிப்பது? சாட்சி சொல்ல அழைத்தால் ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள். பிறகு பொலிஸ் தூங்குகிறது என்பார்கள்.

களுதாவளைத் தோட்டக்காரன்

நான் சாட்சி சொல்ல வந்தவன். என்னிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

வாழைச்சேனை மகன்

நான் மட்டக்களப்பின் வடக்குப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன். 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வயல்களில் எரித்துவிடும் வைக்கோலை லொறி லொறியாக ஏற்றிக் கொண்டுவந்து கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். அறுவடை முடிந்தபின்னும் வைக்கோல் கட்டுகிறவனுக்கும் லொறியில் ஏற்றுகிறவனுக்கும் கூலி இருந்தது. அந்த ஆலை சுருங்கியபோது எங்கள் பக்கம் இழந்தது ஆலை வேலையை மட்டும் அல்ல, அதைச் சுற்றியிருந்த நூறு சின்ன வேலைகளையும்தான். இன்றைக்கு எங்கள் பகுதி ஆறுகளில் இரவில் அனுமதியின்றி மணல் அள்ளும் உழவு இயந்திரங்களில் இருப்பவர்கள் அந்த வேலைக்குப் போயிருக்க வேண்டிய பேரப்பிள்ளைகள். விடியல் சொல்வது சரி.

களுதாவளைத் தோட்டக்காரன்

ஆலை சுருங்கிய காலத்தில் இங்கே யுத்தம் நடந்தது, தம்பி. இரவில் யார் வெளியே வந்தார்கள்? எந்தக் களவை யார் எண்ணினார்கள்? அந்தக் காலத்தை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது. மணல் அள்ளுவதும் உழைப்புத்தான், அனுமதி இல்லாத உழைப்பு. கிணற்றடியில் பம்பி கழற்றுவதை அதனோடு ஒன்றாகக் கட்ட வேண்டாம்.

அதுபோக, வேலை இல்லை வேலை இல்லை என்று எழுதுகிறீர்களே, சென்ற சிறுபோகத்தில் என் மைத்துனரின் வயலில் புல் பிடுங்க ஆள் தேடி நான்கு ஊர் அலைந்தோம். ஒருவரும் வரவில்லை. வேலை இருந்தது, செய்ய ஆள் இல்லை.

மட்டுநகர் விடியல்

புல் பிடுங்குவது எத்தனை நாள் வேலை? ஒரு கிழமை. அதற்குப் பிறகு? அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. பத்துப் பேர் நாள் முழுக்க அறுத்த வயலை அது தேநீர் குடித்து முடிப்பதற்குள் அறுத்துவிடுகிறது. வருடத்தில் இருபது நாளுக்கு மட்டும் ஆள் வேண்டும் என்கிற தொழிலை நம்பி யார் ஊரில் காத்திருப்பார்கள்? உங்கள் வாதங்கள் எனக்குப் புதியவை அல்ல, ஐயா. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோதும் இப்படித்தான் ஒரே வயலைக் காட்டி எல்லாவற்றையும் மறுத்தீர்கள்.

களுதாவளைத் தோட்டக்காரன்

அந்தப் பேச்சை எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2021இல் சேதன உரமே போதும், விவசாயிதான் சோம்பேறி என்று இதே இடத்தில் எழுதியவர் நீங்கள். விளைச்சல் விழுந்ததா இல்லையா? அரசாங்கமே தடையை நீக்கியதா இல்லையா? அன்றைக்கும் ஆய்வு ஆய்வு என்றீர்கள். நான் காட்டிய ஒரே வயல்தான் கடைசியில் சரியாக இருந்தது. நீங்கள் அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் மறக்கவில்லை.

மட்டுநகர் விடியல்

விவசாயி சோம்பேறி என்று நான் எழுதவே இல்லை. பழக்கத்தை மாற்றத் தயங்குகிறார் என்று எழுதினேன். அந்தப் பதிவு இப்போதும் இங்கே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

காந்தி பூங்கா 2017

உரத்தைப் பற்றி வேறு இடத்தில் பேசுங்கள். 1930களின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரின் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையற்றதானபோது, மரி யாகோடாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே தங்கிப் பார்த்தார்கள். ஊர் கொள்ளையில் இறங்கவில்லை. மனிதர்கள் தளர்ந்துபோனார்கள். கைநிறைய நேரம் இருந்தும், கட்டணம் நீக்கப்பட்ட பிறகும், நூலகத்தில் புத்தகம் எடுப்போர் குறைந்தார்கள். தெருவில் ஆண்கள் நடக்கிற வேகமே குறைந்ததை அவர்கள் மணிக்கூடு வைத்து அளந்தார்கள். வேலையின்மை மனிதனை முதலில் தின்பது உள்ளேதான். அதை நாங்கள் பூங்காவிலேயே கண்டோம்: மூன்றாம் மாதத்தில் ஒருவரும் பத்திரிகைகூட வாசிக்கவில்லை. எங்களுக்கு வேலை கேட்பது கள்ளர் ஆகிவிடுவோம் என்ற பயத்தைக் காட்டி அல்ல, அது எங்கள் உரிமை என்பதால். அந்தப் பயத்தைக் காட்டி வேலை வாங்கித் தருவதாக யாரும் எங்களுக்காகப் பேச வேண்டாம்.

சாய்ந்தமருது கணக்கர்

தங்கை எழுதியதை இருவரும் ஒருமுறை நின்று வாசிக்க வேண்டும். நானும் கடைசியாக ஒன்று வைக்கிறேன். வேலையின்மை குற்றத்தை இரண்டு பக்கமாக இழுக்கிறது என்று கான்டர், லாண்ட் என்ற இருவர் 1985இல் எழுதினார்கள். கையில் காசில்லாதவனுக்குக் களவெடுக்கும் எண்ணம் கூடலாம். ஆனால் வேலை போன மனிதர்கள் வீட்டில் இருப்பதால் வீடுகள் காவலோடு இருக்கும், தெருவில் ஆளும் பணமும் குறையும். 2020இல் ஊரடங்கின்போது பல நாடுகளில் வீடுடைப்புகள் குறைந்ததை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1960களில் வேலையின்மை இறங்கியது, குற்ற வீதமோ பத்து வருடத்தில் இரண்டு மடங்கானது. 2009 ஒக்டோபரில் அங்கே வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டபோது குற்றங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

அதைவிட நமக்கு நெருக்கமானது இன்னொன்று: கூல்ட், வைன்பெர்க், மஸ்டார்ட் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், படிப்புக் குறைந்த ஆண்களிடையே குற்றத்தோடு கூடுதலாக இணைந்திருப்பது வேலை உண்டா இல்லையா என்பதைவிடக் கூலி எவ்வளவு என்பதே என்று கண்டார்கள். ஆகவே அந்தப் பையன் வேலையுள்ளவனா அற்றவனா என்ற கேள்வியை விட்டுவிட்டு, அவனுடைய 7,500 ரூபா எதற்குப் போதும் என்ற கேள்வியைக் கேட்டால் உங்கள் இருவருடைய வாதமும் ஓரிடத்துக்கு வரும்.

களுதாவளைத் தோட்டக்காரன்

2009இல் அமெரிக்காவில் 10 சதவீதம், குற்றம் இறங்கியது. தம்பி விடியல், இதை வாசித்தீர்களா?

மட்டுநகர் விடியல்

கூலிதான் காரணம் என்று அதே பதிவில் இருக்கிறது. அதை நீங்கள் வாசித்தீர்களா? போதாத கூலி வேலை அல்ல. நான் முதலில் இருந்தே சொல்வது அதுதான்.

சாய்ந்தமருது கணக்கர்

முதலில் இருந்தே நீங்கள் சொன்னது அது அல்ல. பரவாயில்லை.

வாழைச்சேனை மகன்

படித்தவர்களின் கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பட்டி மாடுகளைக் களவெடுத்து இரவோடிரவாக லொறியில் ஏற்றுகிறவர்கள் பசிக்குத் திருடுகிறவர்கள் அல்ல. சுட்ட குறியைக்கூட மேலே இன்னொரு குறி சுட்டு மாற்றத் தெரிந்தவர்கள். வாங்க ஆள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிறான். அதனால்தான் விற்க ஆள் வருகிறான்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட், திருக்கோவில்

எழுவான்கரையில் எங்கே என்று சொல்ல வேண்டும். பெயரில்லாமல் ஒரு கரையையே குற்றம் சொல்வது இங்கே நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. வாழைச்சேனை மகன் விடியலை ஆதரிக்க வந்தவர். இப்போது அவருக்கே எதிராக எழுதியிருக்கிறார் என்பதையும் கவனிக்கலாம்.

வாழைச்சேனை மகன்

நான் யாரையும் ஆதரிக்க வரவில்லை. எங்கள் பகுதியில் தொழிற்சாலை வேண்டும் என்று சொல்ல வந்தேன். மாட்டைப் பற்றிச் சொன்னது வேறு.

களுதாவளைத் தோட்டக்காரன்

மாடு, ஆலை, ஐஸ், அமெரிக்கா எல்லாம் இருக்கட்டும். நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி விடியலுக்கு அது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

அந்தப் பையனின் தாய் முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தாள். படியில் ஏறவில்லை; வேலியோரம் நின்று பேசினாள். கையில் ஐயாயிரம் ரூபா இருந்தது, நூறு ரூபாத் தாள்களும் கலந்து. நுண்கடன் குழுவில் எடுத்ததாகச் சொன்னாள். வழக்கை விட்டுவிடச் சொல்லி அவள் கேட்கவில்லை. பம்பிக்கு இது முதல் தவணை என்றாள். நான் வாங்கவில்லை. அவளுக்கு வேலை என்ன தெரியுமா? காலையில் இடியப்பம் அவித்து மூன்று கடைக்குக் கொடுக்கிறாள், பகலில் வெங்காயத் தோட்டத்தில் கூலி. தம்பியின் கணக்கில் அவளும் வேலையற்றவள். அவள் திருடவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பற்றாக்குறை. தாய் இடியப்பம் அவிக்கிறாள், மகன் பம்பி கழற்றுகிறான். இந்த வேறுபாட்டை எந்தச் சதவீதம் சொல்லும்? மகனுக்கு மூன்று நாள் வேலை இருந்தது. வேலை இருந்தும் திருடினான்.

மட்டுநகர் விடியல்

ஐயா, நீங்கள் எழுதியதையே திரும்பி வாசித்துப் பாருங்கள். இரண்டு வேலை செய்கிற ஒரு பெண் ஐயாயிரம் ரூபாவுக்கு நுண்கடன் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டின் மகனை வேலையுள்ளவன் என்கிறீர்கள்.

காந்தி பூங்கா 2017

அந்தத் தாயும் பெண்தான். என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

களுதாவளைத் தோட்டக்காரன்

மகள், உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, அதனால்தான் நான் எழுதவில்லை. தம்பியிடம் கேள்.

வருகிற புதன்கிழமை வழக்குத் தவணை. பம்பியின் கூட்டைச் சான்றுப்பொருளாகக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். என்னுடையதுதானா என்று கேட்பார்கள். அடிப்பக்கத்தில் என் மூத்த மகன் சிறுவனாக இருந்தபோது ஆணியால் கீறிய முதலெழுத்து இருக்கிறது, அதைக் காட்டுவேன். பிறகு அவனிடம் பெயர், வயது, தொழில் கேட்பார்கள். தொழில் என்ன என்று அவன் தன் வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்து அன்று மாலையே இங்கே எழுதுகிறேன்.

மட்டுநகர் விடியல்

"கூலி" என்று சொல்வான். எழுதுங்கள். அது வேலை அல்ல என்று நானும் அன்று மாலையே எழுதுகிறேன்.